பேசாத வேர்டு, உளறும் எக்செல்: திரைவாசிப்பான் தகராறு செய்தால் எங்கே பார்ப்பது

"கம்ப்யூட்டர் பேசவே மாட்டேங்குது" என்று பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்தோ பட்டர்வொர்த்திலிருந்தோ யாராவது அழைத்தால் நான் முதலில் கேட்பது ஒன்றுதான். என்விடிஏ என்ற திரைவாசிப்பானின் (திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் மென்பொருள்) விசையோடு எஃப்12 அழுத்துங்கள், நேரம் சொல்கிறதா? சொன்னால் குரல் நன்றாக இருக்கிறது, கோளாறு வேறெங்கோ. சொல்லாவிட்டால் வேர்டையும் எக்செலையும் தொடவே வேண்டாம், குரலைத்தான் பார்க்க வேண்டும். இந்தச் சின்னச் சோதனையைச் செய்யாமல் ஆபீஸை நீக்கி மறுபடி போட்டு, விண்டோஸையும் புதிதாக ஏற்றிப் பார்த்து, கடைசியில் "இதெல்லாம் எனக்குச் சரிவராது" என்று நல்ல வேலையை விட்டு ஒதுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அது எனக்குப் பொறுக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் பார்வையில்லாதவன், கோலாலம்பூரில் அலுவலக வேலை, நாள் முழுக்க மலாய், ஆங்கில, தமிழ்க் கோப்புகளோடுதான் பிழைப்பு. அடிக்கடி வரும் தகராறுகளில் பாதிக்கு மேல் பயன்படுத்துகிறவர் பொறுப்பே இல்லை, கோப்பைச் செய்தவர் ஏதோ ஒன்றைச் செய்யாமல் விட்டிருப்பார். எது உங்களால் சரிசெய்யக்கூடியது, எதை அவரிடம் கேட்டு வாங்க வேண்டும் என்று பிரித்துத் தெரிந்துகொண்டால் நேரம் மிச்சம்.

இங்கே சொல்லும் விசைகள் என்விடிஏ திரைவாசிப்பானுக்கு உரியவை. 2006இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் தொடங்கியது, இலவசம், நம்மவர்களில் பெரும்பாலோர் அதைத்தான் வைத்திருக்கிறார்கள். என்விடிஏ விசை என்றால் இன்சர்ட், அல்லது அமைப்பில் தேர்ந்திருந்தால் கேப்ஸ் லாக். ஜாஸ் என்ற இன்னொரு திரைவாசிப்பானை வைத்திருப்பவர்களுக்கு அதன் விசைகள் மாறும், ஆனால் கோப்பைப் பற்றிச் சொல்வதெல்லாம் அவர்களுக்கும் பொருந்தும்.

அறிகுறி: ஒரு சத்தமும் இல்லை

முதலில் விண்டோஸ் விசையோடு டி (D) அழுத்தி டெஸ்க்டாப்புக்கு வாருங்கள். அங்கே பேசுகிறது, வேர்டுக்குள் போனால் மட்டும் ஊமையாகிறது என்றால் அந்த ஒரு நிரலுக்கு மட்டும் உறக்க நிலை போட்டுவிட்டீர்கள். என்விடிஏ, ஷிஃப்ட், எஸ் மூன்றும் சேர்ந்தால் அது ஆகும், மடிக்கணினி விசையமைப்பில் எஸ்ஸுக்குப் பதில் இசட். அதே விசைகளை மறுபடி அழுத்தினால் எழுந்துவிடும். சேமிக்கிற அவசரத்தில் கை தவறி இது நடக்கிறது, நிறையப் பேருக்கு.

எஃப்12க்கு நேரம் சொல்கிறது, ஆனால் அம்பு விசைகளை அழுத்தினால் பேச்சில்லை என்றால் பேச்சு முறை மாறியிருக்கலாம். என்விடிஏவோடு எஸ் அழுத்தினால் பேச்சு, கேட்டால் மட்டும் பேச்சு, பேச்சில்லை, பீப் ஒலி என்று முறைகள் சுழன்று வரும். இந்த 'கேட்டால் மட்டும்' என்ற முறை 2024இல் வந்தது, பழைய பயனர்கள் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. எஸ்ஸை நிதானமாக, ஒவ்வொரு முறையும் காத்திருந்து அழுத்துங்கள். வேகமாகத் தட்டினால் வேண்டிய முறையைத் தாண்டிப் போய்விடும்.

டெஸ்க்டாப்பிலும் பேசவில்லை என்றால் கண்ட்ரோல், ஆல்ட், என். ஓடிக்கொண்டிருந்தாலும் என்விடிஏ புதிதாகத் தொடங்கும். அப்போதும் அமைதி என்றால் ஒலி வேறு கருவிக்குப் போகிறது. அலுவலகத்தில் வெளித் திரை மாட்டியதும் விண்டோஸ் அந்தத் திரையின் ஒலிபெருக்கிக்குத் தாவிவிடும், அதில் பெரும்பாலும் ஒலிபெருக்கியே இருக்காது. கம்பியைப் பிடுங்கிப் பாருங்கள், குரல் திரும்பிவிட்டால் என்விடிஏ, கண்ட்ரோல், யூ அழுத்தி ஒலி அமைப்பில் உங்கள் ஹெட்ஃபோனைப் பெயர் சொல்லித் தேர்ந்துவிடுங்கள்.

ஜாஸில் சரியாக நாற்பது நிமிடம் பேசிவிட்டு நின்றால் அது கோளாறு இல்லை. உரிமம் இல்லாமல் ஓடும் சோதனை முறை, கணினியை மறுபடி தொடங்கினால் இன்னொரு நாற்பது நிமிடம் கிடைக்கும். உரிமம் எங்கே போயிற்று என்று அலுவலகத்தில் கேளுங்கள்.

அறிகுறி: இரண்டு குரல் ஒன்றாகப் பேசுகிறது

விண்டோஸோடு வரும் நரேட்டர் என்ற திரைவாசிப்பானும் ஓடுகிறது. விண்டோஸ், கண்ட்ரோல், என்டர், நின்றுவிடும்.

அறிகுறி: பக்கத்தில் இருப்பவர் உங்கள் திரை கறுப்பாக இருக்கிறது என்கிறார்

திரைச்சீலை போட்டிருக்கிறீர்கள். சம்பளச் சீட்டு படிக்கும்போது நல்ல வசதிதான், சக ஊழியருக்குக் காட்ட வேண்டுமென்றால் என்விடிஏ அமைப்பில் ஸ்கிரீன் கர்ட்டன் குறியை எடுத்துவிடுங்கள்.

அறிகுறி: ஆங்கிலம் படிக்கிறது, தமிழ் வந்தால் வாய் மூடுகிறது

இது நம் ஊருக்கே உரிய பிரச்சினை. ஒரே கடிதத்தில் மலாய்த் தலைப்பு, ஆங்கிலப் பத்தி, கீழே தமிழில் கோயில் திருவிழா விவரம் எல்லாம் வரும். ஆங்கிலக் குரல் தமிழ் எழுத்தைக் கண்டால் சில நேரம் எழுத்தின் பெயரை ஆங்கிலத்தில் சொல்லும், பல நேரம் சத்தமில்லாமல் தாண்டிப் போகும். கேட்பவருக்கு அந்த வரி காலி என்றே தோன்றும். அதுதான் ஆபத்து, ஏனென்றால் விட்டுப்போனது என்று உங்களுக்குத் தெரியவே தெரியாது.

விண்டோஸ் அமைப்பில் நேரம், மொழி என்ற பகுதிக்குள் பேச்சு என்ற இடத்தில் குரல் சேர்க்கலாம். தமிழுக்கு வள்ளுவர் என்ற குரல் இருக்கிறது, மலாய்க்கு ரிஸ்வான். இரண்டையும் இறக்கிக்கொள்ளுங்கள். பிறகு என்விடிஏ, கண்ட்ரோல், எஸ் அழுத்தி விண்டோஸ் ஒன்கோர் குரல்களைத் தேர்ந்து, என்விடிஏ, கண்ட்ரோல், வி அழுத்திக் குரலை மாற்றிப் பாருங்கள். இறக்க முடியாத இடத்தில் என்விடிஏவோடு கூடவே வரும் ஈஸ்பீக் என்ற குரல் மென்பொருள் இருக்கிறது, அதில் தமிழும் மலாயும் உண்டு. இயந்திரம் போலத்தான் பேசும், ஆனால் வேகமாக வைத்தாலும் தெளிவு கெடாது, என் காதுக்கு வேலை நேரத்தில் அதுவே போதும்.

தானாக மொழி மாற வேண்டுமென்றால் அதே குரல் அமைப்பில் தானியங்கி மொழி மாற்றம் என்ற குறி இருக்கிறது. ஆனால் அந்த மாற்றம் எழுத்தைப் பார்த்து நடப்பதில்லை, கோப்பில் இருக்கும் மொழிக் குறியைப் பார்த்து நடக்கிறது. வேர்டில் ரிவ்யூ பகுதியில் லாங்குவேஜ் என்பதற்குள் போய்த் தமிழ்ப் பத்தியைத் தமிழ் என்றும் மலாய்ப் பத்தியை மலாய் என்றும் குறித்திருந்தால்தான் அது சொன்னபடி கேட்கும். யாரும் குறிப்பதில்லை. அதனால் நான் நம்புவது சுயவிவரத்தைத்தான், அதாவது தனியாகச் சேமித்து வைக்கும் ஒரு தொகுப்பு அமைப்புகள். என்விடிஏ, கண்ட்ரோல், பி (P) அழுத்தித் தமிழுக்கு ஒரு சுயவிவரம் உண்டாக்குங்கள், அதில் தமிழ்க் குரலும் தமிழுக்கு ஏற்ற வேகமும் வைத்து, உள்ளீட்டுச் சைகைகள் பட்டியலில் அதற்கு ஒரு விசை கொடுத்துவிடுங்கள். மலாய்க்கு இன்னொன்று. ஒரு தட்டலில் குரல் மாறும், கோப்பில் குறி இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

மலாயை ஆங்கிலக் குரலிலேயே கேட்டுப் பழகியவர்கள் நிறைய, காது பழகிவிடும் என்பார்கள். பழகட்டும், ஆனால் பெயரும் தொகையும் வரும் கடிதத்தை ஒரு முறையாவது மலாய்க் குரலில் ஓடவிடுங்கள்.

அறிகுறி: கண்ணுக்குத் தமிழ், காதுக்கு ஆங்கில உளறல்

பார்வையுள்ளவர் பக்கத்தில் இருந்து "நல்லாத்தானே தமிழ்ல இருக்கு" என்கிறார், உங்களுக்கோ ஜே, கே, பி, ஓ, செமிகோலன் என்று கேட்கிறது. அது தமிழ் என்ற சொல்லேதான், பாமினி எழுத்துருவில் தட்டியது. பழைய எழுத்துருக்களில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து, மேலே தமிழ் வடிவம் மட்டும் ஒட்டியிருக்கும். திரைவாசிப்பான் வடிவத்தைப் பார்ப்பதில்லை, உள்ளே இருப்பதைப் படிக்கிறது. எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான குறியாக்கமான யூனிகோடில் 1991இலிருந்தே தமிழுக்கு இடம் இருக்கிறது, முரசு அஞ்சல் போன்ற மென்பொருளைத் தந்த நாட்டில் வாழ்கிறோம், இன்னும் அழைப்பிதழும் கூட்ட அறிக்கையும் ஆண்டு மலரும் பாமினியில் வருகின்றன. அச்சகத்தில் பழைய கோப்பு இருக்கிறது, அதையே திறந்து தேதியை மட்டும் மாற்றுகிறார்கள்.

சந்தேகமாக இருந்தால் அந்த வரியில் நின்று என்விடிஏவோடு எஃப் அழுத்துங்கள், எழுத்துருவின் பெயர் சொல்லும். பாமினி என்றோ, நீங்கள் கேள்விப்படாத தமிழ்ப் பெயரோ வந்தால் அதுதான். உரையை நகலெடுத்து என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற மாற்றியில் ஒட்டி, எந்தக் குறியாக்கத்திலிருந்து என்று சொல்லி யூனிகோடுக்கு மாற்றுங்கள். ஒரு எச்சரிக்கை உண்டு. பத்தியின் நடுவே உண்மையான ஆங்கிலமும் எண்களோடு கலந்த முகவரியும் இருந்தால் அவற்றையும் மாற்றி தமிழ் எழுத்தாகக் குதறிவிடும். அதனால் முழுக் கோப்பையும் ஒரேயடியாக மாற்றாமல் தமிழ்ப் பத்திகளை மட்டும் தனித்தனியாக மாற்றுங்கள். தொலைபேசி எண், மின்னஞ்சல் எல்லாவற்றையும் மூலத்திலிருந்தே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: யூனிகோடுதான், ஆனால் சில சொற்கள் கோணலாகக் கேட்கின்றன

கௌரி என்ற பெயரைக் குரல் கெ, ள, ரி என்று பிரித்துப் படித்தால், தட்டியவர் ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக் கொம்பும் ளகரமும் போட்டிருக்கிறார். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். தேடலில் அகப்படாது, பெயர்ப் பட்டியலை அகர வரிசைப்படுத்தினால் வேறு இடத்தில் போய் உட்காரும். கண்ட்ரோல், எச் அழுத்தி வரும் மாற்றுப் பெட்டியில் அந்தப் பெயரையே சரியாகத் தட்டி மாற்றுங்கள். எல்லா இடத்திலும் ஒட்டுமொத்தமாக மாற்றக் கூடாது, தெளிவு, கெளுத்தி மாதிரியான சொற்களில் ளகரம் உண்மையிலேயே இருக்க வேண்டும்.

தமிழில் தட்டும்போது பேக்ஸ்பேஸ் அடித்தால் எழுத்தில் பாதிதான் போகிறது என்று பயப்படுகிறார்கள். அது அப்படித்தான் வேலை செய்யும். பேக்ஸ்பேஸ் கடைசிக் குறியை மட்டும் எடுக்கும், கி என்பது க ஆகும். டிலீட் விசை முழு எழுத்தையும் எடுக்கும். குறியை மட்டும் திருத்த பேக்ஸ்பேஸ், எழுத்தையே நீக்க அதற்கு முன்னால் நின்று டிலீட்.

அறிகுறி: மின்னஞ்சலில் வந்த வேர்டு கோப்பு திறக்கிறது, எதுவும் சரியாக வேலை செய்யவில்லை

பாதுகாப்புப் பார்வையில் திறந்திருக்கிறது. வெளியிலிருந்து வந்த கோப்புகளை ஆபீஸ் இப்படிப் பூட்டித்தான் காட்டும், மேலே மஞ்சள் பட்டை வரும், நமக்கு அது தானாகக் காதில் விழாது. அனுப்பியவர் தெரிந்தவர் என்றால் ஆல்ட் எஃப், பிறகு ஐ, பிறகு ஈ. திருத்த அனுமதி கிடைத்துவிடும், வாசிப்பும் ஒழுங்காகும். தெரியாதவர் அனுப்பியதென்றால் திறக்காதீர்கள், பட்டை இருப்பது அதற்காகத்தான்.

அறிகுறி: நீண்ட அறிக்கை, தலைப்புக்குத் தாவ முடியவில்லை

வேர்டில் என்விடிஏவோடு ஸ்பேஸ் அழுத்தி உலாவல் முறைக்குப் போனால் எச் அழுத்தித் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவலாம், டி (T) அழுத்தி அட்டவணைக்குப் போகலாம், என்விடிஏவோடு எஃப்7 அழுத்தினால் பட்டியலாகவே வரும். எச் அழுத்தியதும் அடுத்த தலைப்பு இல்லை என்றால் செய்தவர் எழுத்தைப் பெரிதாக்கித் தடிப்பாக்கி மட்டும் விட்டிருக்கிறார். கண்ணுக்குத் தலைப்பு, கோப்பின் கணக்கில் அது வெறும் வரி. உங்களுக்குத் திருத்த அனுமதி இருந்தால் அந்த வரியில் நின்று கண்ட்ரோல், ஆல்ட், ஒன்று. துணைத் தலைப்புக்கு இரண்டு. எண்பது பக்க அறிக்கைக்கு இதைச் செய்து முடிக்க நேரம் பிடிக்காது, செய்துவிட்டுத் திருப்பி அனுப்பினால் அடுத்த மாத அறிக்கை அதன் மேலேயே வரும்.

அறிகுறி: பக்கத்தில் இருக்கிறது என்கிறார்கள், எனக்குப் படிக்கவில்லை

உரைப்பெட்டி. கோலாலம்பூர் அலுவலகங்களில் சுற்றறிக்கையை அழகாக்க வேண்டுமென்றால் முக்கியமான தேதியையும் நேரத்தையும் ஒரு பெட்டிக்குள் போட்டுப் பக்கத்தின் மேல் மிதக்க விடுவார்கள். மிதக்கும் பெட்டி பத்திகளின் வரிசையில் இல்லை, நாம் வரி வரியாக இறங்கினால் அதைத் தொடாமலே கடந்து போவோம். கூட்டம் எத்தனை மணிக்கு என்பதைத் தவிர மற்ற எல்லாமும் படித்திருப்போம்.

ஆல்ட்டோடு எஃப்10 அழுத்தினால் தேர்வுப் பலகம் திறக்கும், பக்கத்தில் இருக்கும் எல்லாப் பெட்டிகளும் படங்களும் அதில் பட்டியலாக நிற்கும். அதில் ஒன்றைத் தேர்ந்து உள்ளே போய்ப் படிக்கலாம். செய்தவரிடம் கேட்க வேண்டியது, பெட்டியை உரையின் வரியோடு வைக்கச் சொல்லுங்கள், அதாவது 'இன் லைன் வித் டெக்ஸ்ட்'. இன்னும் நல்லது, பெட்டியே வேண்டாம், பத்திக்கு ஓரக்கோடு போட்டால் அதே அழகு வரும்.

அறிகுறி: வேர்டு நத்தையாக ஊர்கிறது

திருத்தங்களும் கருத்துகளும் நிறைந்த கோப்பில் ஒவ்வோர் அம்பு விசைக்கும் ஒரு நொடி ஆகிறது என்றால் என்விடிஏ, கண்ட்ரோல், டி (D) அழுத்தி ஆவண வடிவமைப்பு அமைப்பில் எழுத்துரு, நிறம், திருத்தக் குறி போன்றவற்றில் உங்களுக்கு இப்போது வேண்டாததை எல்லாம் எடுத்துவிடுங்கள். ஆல்ட் டபிள்யூ, ஈ அழுத்தினால் வரைவுப் பார்வை வரும், அதிலும் கொஞ்சம் இலகுவாகும்.

அறிகுறி: எக்செல் ஹேஷ் ஹேஷ் ஹேஷ் என்கிறது

நெடுவரிசை ஒடுக்கமாக இருக்கிறது, தொகை அதில் அடங்கவில்லை, திரையில் தெரிவதைத்தான் குரல் படிக்கிறது. கண்ட்ரோல் ஏ, பிறகு ஆல்ட் எச், ஓ, ஐ. அகலம் தானாகச் சரியாகும், ஆயிரத்து இருநூறு வெள்ளி ஆயிரத்து இருநூறாகவே கேட்கும்.

அறிகுறி: எண் மட்டும் கேட்கிறது, அது எதன் எண் என்று தெரியவில்லை

எக்செலில் எனக்கு மிகவும் பிடித்த வசதி இதற்குத்தான் இருக்கிறது, இதைத் தெரியாமல் வேலை செய்கிறவர்களைப் பார்த்தால் மனசு கேட்காது. முப்பது நெடுவரிசை விடுப்புப் பட்டியலில் நடுவில் நின்றுகொண்டு "எம் 47, இரண்டு" என்று கேட்டால் என்ன புரியும்? தலைப்பு வரிசையின் முதல் செல்லில் போய் நின்று என்விடிஏ, ஷிஃப்ட், சி அழுத்துங்கள். இனி பக்கவாட்டில் நகரும்போதெல்லாம் நெடுவரிசையின் பெயரையும் சொல்லும். அப்புறம் ஊழியர் பெயர் இருக்கும் நெடுவரிசையில் நின்று என்விடிஏ, ஷிஃப்ட், ஆர். மேலும் கீழும் போகும்போது ஆளின் பெயரும் வரும். தவறான இடத்தில் வைத்துவிட்டால் அதே விசையை இரு முறை விரைவாக அழுத்தினால் நீங்கிவிடும். இந்தக் குறிப்பு கோப்புக்குள்ளேயே பெயரிட்ட பகுதியாகச் சேமிக்கப்படுகிறது, ஜாஸ் வைத்திருக்கும் சக ஊழியர் திறந்தாலும் அவருக்கும் வேலை செய்யும். ஒருவர் செய்தால் அலுவலகம் முழுவதற்கும் ஆயிற்று.

தலைப்பு வேலை செய்யாமல் தடுப்பது ஒன்று உண்டு, இணைத்த செல்கள். நிறுவனப் பெயரை அகலமாகக் காட்ட மேலே பத்து செல்லை இணைத்திருப்பார்கள், அது பரவாயில்லை. தலைப்பு வரிசையிலேயே ஜனவரி, பிப்ரவரி என்று மூன்று மூன்றாக இணைத்திருந்தால்தான் குழப்பம். இணைப்பைப் பிரித்து ஒவ்வொரு செல்லிலும் முழுப் பெயர் போடச் சொல்லுங்கள்.

வரிசை எண் 12இலிருந்து 31க்குத் தாவினால் யாரோ வடிகட்டி போட்டு எடுக்க மறந்திருக்கிறார்கள். கண்ட்ரோல், ஷிஃப்ட், எல்.

நிறத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். "சிவப்பில் இருப்பவர்கள் இன்னும் படிவம் தரவில்லை" என்று மின்னஞ்சல் வரும். ஒவ்வொரு செல்லிலும் என்விடிஏவோடு எஃப் அழுத்தினால் நிறம் சொல்லத்தான் செய்கிறது, இருநூறு பேர் பட்டியலில் யார் அதைச் செய்வது? 'நிலை' என்று ஒரு நெடுவரிசை சேர்த்து 'தரவில்லை' என்று எழுதச் சொல்லுங்கள். நிறமும் இருக்கட்டும், நிறம் பிரித்தறிய முடியாதவர்களுக்கும் இது உதவும், கறுப்பு வெள்ளையில் அச்சடித்தாலும் அழியாது.

அறிகுறி: பிடிஎஃப் காலியாக இருக்கிறது

வேர்டில் தட்டி, அச்சடித்து, கையெழுத்துப் போட்டு, சாப் குத்தி, ஸ்கேன் செய்து அனுப்புகிறார்கள். கடைசியில் வருவது ஒரு புகைப்படம், அதில் எழுத்தே இல்லை. திறந்ததும் காலி ஆவணம் என்று அறிவிப்பு வந்தால் அதுதான் காரணம்.

உடனடியாகப் படிக்க என்விடிஏவோடு ஆர். விண்டோஸில் இருக்கும் எழுத்துணரி திரையில் தெரிவதைப் படித்துத் தரும், அம்பு விசைகளால் நகரலாம், எஸ்கேப் அடித்தால் வெளியே வரலாம். மலாயும் ஆங்கிலமும் உரோமன் எழுத்து என்பதால் நன்றாகவே வரும், தமிழ் அதில் வராது. தமிழ் ஸ்கேன் என்றால் கூகுள் டிரைவில் ஏற்றி கூகுள் டாக்ஸில் திறவுங்கள், தமிழ் எழுத்தை அது உணர்ந்து உரையாக்கும். ஆனால் ஐசி எண், சம்பளம், மருத்துவ அறிக்கை உள்ள தாளை அலுவலக அனுமதி இல்லாமல் அப்படி ஏற்றாதீர்கள். எழுத்துணரி எண்ணில் தவறும், 1ஐயும் 7ஐயும் மாற்றிவிடும், அதனால் தொகையையும் கணக்கு எண்ணையும் ஒரு ஆளிடம் கேட்டு உறுதி செய்யாமல் பணம் அனுப்பவே கூடாது.

நிரந்தரத் தீர்வு அனுப்புகிறவரிடம் இருக்கிறது. கையெழுத்திட்ட ஸ்கேனோடு வேர்டின் மூலப் பிடிஎஃபையும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். அதையும் பிரிண்ட் கட்டளை வழியாகப் பிடிஎஃப் ஆக்கக் கூடாது, தலைப்பும் அட்டவணைக் குறிகளும் அதில் தொலைந்துபோகும். சேவ் ஆஸ் என்று பிடிஎஃப் தேர்ந்து, ஆப்ஷன்ஸில் அணுகலுக்கான கட்டமைப்புக் குறிகள் என்ற பெட்டியில் குறி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

எழுத்து இருக்கிறது, ஆனால் இரண்டு பத்தி கலந்து படிக்கிறது என்றால் குறியில்லாத பிடிஎஃப். அடோபி ரீடரில் கண்ட்ரோல் கே அழுத்தி ரீடிங் பகுதியில் வாசிப்பு வரிசையை மாற்றிப் பாருங்கள், ஓரளவு தெளியும்.

பவர்பாயிண்டில் ஸ்லைடு கோணல் வரிசையில் படித்தால் மறுபடி ஆல்ட், எஃப்10தான், அங்கே பட்டியலின் அடியில் இருப்பது முதலில் படிக்கப்படும். காட்சி ஓடும்போது பேச்சாளர் குறிப்பைக் கேட்க கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ். உலாவியில் கூகுள் டாக்ஸ் திறந்து ஒன்றும் கேட்கவில்லையென்றால் கண்ட்ரோல், ஆல்ட், இசட் அழுத்தித் திரைவாசிப்பான் ஆதரவைப் போடுங்கள்.

அறிகுறி: கொஞ்சம் பார்வை இருக்கிறது, ஆனால் எழுத்து மறைந்துபோகிறது

உயர் மாறுபாட்டு நிறத்தில், கறுப்புப் பின்னணியில் வேலை செய்பவர்களுக்குச் சில கோப்புகளில் பத்திகளே காணாமல் போகும். எழுத்தின் நிறம் தானியங்கியாக இல்லாமல் கறுப்பு என்று கையால் வைத்திருந்தால் கறுப்பின் மேல் கறுப்பு. அந்தப் பகுதியைத் தேர்ந்து கண்ட்ரோல், ஸ்பேஸ் அடியுங்கள், எழுத்தின் வடிவமைப்பு நீங்கி இயல்பு நிறம் வந்துவிடும்.

பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே ஓடி, இடமும் வலமும் நகர்த்தி நகர்த்திக் கழுத்து வலிக்கிறதா? ஆல்ட் டபிள்யூ, எல். வலைத் தளவமைப்புப் பார்வையில் எவ்வளவு பெரிதாக்கினாலும் வரி திரைக்குள்ளேயே மடிந்து வரும். உருப்பெருக்கி விண்டோஸும் கூட்டல் குறியும், வெளியேற விண்டோஸும் எஸ்கேப்பும், நிறத்தைத் தலைகீழாக்க கண்ட்ரோல், ஆல்ட், ஐ. கர்சர் எங்கே என்று தேடுவதிலேயே கண் களைத்துப்போகிறவர்கள் விண்டோஸின் அணுகல் அமைப்பில் உரைக் கர்சர் சுட்டியைப் போட்டுக்கொள்ளுங்கள், வண்ணப் பொட்டு போலக் கர்சரின் மேலும் கீழும் நிற்கும்.

அறிகுறி: நிறுவன மடிக்கணினியில் என்விடிஏ நிறுவ விடமாட்டேன் என்கிறார்கள்

அவசரத்துக்கு யுஎஸ்பியில் எடுத்துச்செல்லும் நகல் ஓடும். ஆனால் அது உள்நுழைவுத் திரையில் பேசாது, நிர்வாகி அனுமதி கேட்கும் திரையில் பேசாது. அலுவலகத்தில் யாராவது பக்கத்தில் வந்து கடவுச்சொல் தட்ட வேண்டிய நிலைக்கு நம்மைத் தள்ளும், அதை ஏற்றுக்கொள்ளாதீர்கள், முறையாக நிறுவித் தரச் சொல்லுங்கள். 2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் வேலைவாய்ப்புக்கும் தகவல் தொழில்நுட்பத்துக்கும் தனித்தனிப் பிரிவுகள் உண்டு, 29ம் 30ம். கடிதத்தில் அவற்றை மரியாதையாகக் குறிப்பிடுங்கள். பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும் மலேசியப் பார்வையற்றோர் சங்கத்தையோ 1926இல் மலாக்காவில் தொடங்கி இப்போது பினாங்கில் இயங்கும் செயின்ட் நிக்கலஸ் இல்லத்தையோ அணுகி, இப்படி ஏற்கனவே கேட்டு வாங்கியவர்களிடம் பேசிப் பார்க்கலாம்.

தொழில்நுட்பப் பிரிவு ஆள் வந்து நிற்கும்போது "பேசமாட்டேங்குது" என்று மட்டும் சொன்னால் அவருக்கு ஒன்றும் புரியாது, அவருக்குத் திரையில் எல்லாம் சரியாகத்தான் தெரிகிறது. என்விடிஏ பட்டியலில் கருவிகளுக்குள் பேச்சுக் காட்டி இருக்கிறது, அதைத் திறந்துவிடுங்கள். குரல் சொல்வதெல்லாம் ஒரு சன்னலில் எழுத்தாக ஓடும். தேதி இருந்த பெட்டியைக் கர்சர் கடக்கும்போது அந்தச் சன்னலில் ஒரு வரியும் வரவில்லை என்பதை அவரே தன் கண்ணால் பார்ப்பார். வேறு கட்டடத்தில் இருக்கிறார் என்றால் 2025 முதல் என்விடிஏவிலேயே தொலை அணுகல் இருக்கிறது, அவர் கணினியிலும் என்விடிஏ ஓடினால் உங்கள் கணினியின் குரலை அங்கிருந்தே கேட்கலாம். எந்தக் கோப்பு, எந்த வரி, எந்த விசை அழுத்தியபோது, என்விடிஏவின் பதிப்பு எண் என்ன என்பதை ஒரு மின்னஞ்சலில் எழுதி, அந்தக் கோப்பையும் இணைத்து அனுப்பிவிடுங்கள்.